நோய் மறைந்த பிறகும் இரண்டு ஆண்டுகள்

கொச்சிக்கடையில் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்குப் பிளேட்லெட் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டெங்கு சொல்லிக்கொடுத்துவிட்டது. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000க்கும் அதிகமானோருக்கு டெங்கு பதிவானது. ஜம்பட்டா வீதியிலோ கொட்டாஞ்சேனையிலோ பிள்ளைக்குக் காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் இரத்தம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். எஃப்.பி.சி. என்ற இரத்தக் கல எண்ணிக்கை ரிப்போட் கைக்கு வந்ததும் தாயின் கண் நேரே பிளேட்லெட் எண்ணைத்தான் தேடும். ஒன்றரை இலட்சத்துக்கு மேலா, கீழா?

அதனாலேயே பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயை இங்கே பல பெற்றோர் முதலில் டெங்கு என்றுதான் நினைக்கிறார்கள். நினைப்பதில் தவறுமில்லை. காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. தோலில் சிறு சிவப்புப் புள்ளிகள். கால் நோகிறது என்று பிள்ளை நடக்க மறுத்துத் தூக்கச் சொல்கிறது. பிளேட்லெட் 40,000. ஆனால் டெங்குவில் இறங்கிய எண்கள் ஒரு வாரம் பத்து நாளில் தாமாகவே ஏறிவிடும். ஹீமோகுளோபின் சாதாரணமாக இறங்காது. நீர் கசிந்து இரத்தம் தடிப்பதால் சில வேளை கொஞ்சம் உயரும். இரத்தப் புற்றுநோயிலோ பிளேட்லெட்டோடு சேர்ந்து ஹீமோகுளோபினும் ஏழு, ஆறு என்று இறங்கிக் கிடக்கும். பிள்ளை வெளிறிப்போயிருக்கும். வெண்குருதிக் கலங்கள் ஒன்றில் அளவுக்கு மிஞ்சி இருக்கும், அல்லது வெகுவாகக் குறைந்திருக்கும். அப்போது டொக்டர் பிளட் பிக்சர் என்ற இன்னொரு பரிசோதனையை எழுதிக் கொடுப்பார். கண்ணாடித் தகட்டில் பூசிய ஒரு துளி இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது, இரத்தத்தில் இருக்கவே கூடாத இளம் கலங்கள் அங்கே தெரியும். பிளாஸ்ட் என்று அவற்றைச் சொல்வார்கள்.

எலும்பின் உள்ளே இருக்கும் மச்சையில்தான் இரத்தத்தின் எல்லாக் கலங்களும் பிறக்கின்றன. பிறக்கும் கலம் படிப்படியாக முதிர்ந்து, தன் வேலையைக் கற்று, இரத்தத்துக்குள் இறங்க வேண்டும். லிம்போசைட் என்ற வெண்குருதிக் கலமாக வேண்டிய ஒன்று பாதி வழியில் முதிர்வதை நிறுத்திவிட்டுத் தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு போவதுதான் கடுமையான லிம்போபிளாஸ்டிக் லியூகேமியா. பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே மிகவும் கூடுதல். இரண்டுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட வயதில் அதிகம் வருகிறது. மச்சை முழுவதையும் இந்தக் கலங்கள் நிறைத்துவிடுவதால் செங்குருதிக் கலம் பிறக்க இடமில்லை, பிள்ளை வெளிறுகிறது. பிளேட்லெட் பிறக்க இடமில்லை. தோலின் கீழ் இரத்தம் கசிகிறது. கிருமியோடு போராடும் நியூட்ரோபில்லும் இல்லை; காய்ச்சல் வருகிறது. மச்சை நெரிபடுவதால் கால் எலும்பு நோகிறது. தாய் வெவ்வேறாகக் கண்ட நான்கு கோளாறுகளும் ஒரே இடத்தில் தொடங்கியவை.

நோயின் பெயரைக் கேட்ட அந்த நாளிலேயே பெற்றோரின் மனதில் ஒரு விசாரணை ஆரம்பித்துவிடும். வயிற்றில் இருந்தபோது என்ன சாப்பிட்டேன்? அந்தக் காய்ச்சலுக்கு அந்த மருந்தைக் கொடுத்திருக்கக் கூடாதோ? யாருடைய கண்ணூறு? அப்பா வழியிலா, அம்மா வழியிலா? இந்தக் கேள்விகளுக்கு அறிவியலிடம் ஓரளவு நல்ல பதில் இருக்கிறது, அதைப் பெற்றோருக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இங்கிலாந்தின் மெல் கிரீவ்ஸ் தலைமையிலான ஆய்வாளர்கள், லியூகேமியா வந்த பிள்ளைகள் பிறந்தபோது குதியில் குத்தி எடுத்து அட்டையில் பாதுகாத்திருந்த இரத்தத் துளிகளைத் தேடி எடுத்துப் பரிசோதித்தார்கள். பல பிள்ளைகளில் நோயின் முதல் மாற்றம், அதாவது இரண்டு பரம்பரையலகுகள் தவறாக ஒட்டிக்கொண்ட அடையாளம், பிறந்த அன்றே இருந்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டைப் பிள்ளைகளில் ஒருவரில் தோன்றிய பிழைபட்ட கலம் நச்சுக்கொடி வழியாக மற்றவருக்கும் போயிருந்தது. பிறக்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை இப்படியொரு மாற்றத்தைச் சுமந்து பிறக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் மிகமிகச் சிலருக்கே பின்னர் இரண்டாவது மாற்றமும் சேர்ந்து நோயாகிறது. கலம் பிரியும்போது நேரும் பிழை அது. பெற்றோரின் சாப்பாடும் சண்டையும் அதற்குக் காரணமில்லை. பெரும்பாலான பிள்ளைகளில் இது குடும்ப வழியில் வந்ததும் இல்லை, ஒட்டுவதும் இல்லை. ஒட்டாது என்பதைப் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிவைப்பது நல்லது.

நோய் சந்தேகிக்கப்பட்ட பிள்ளை பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் ஆரம்பித்தாலும் வேறெங்கு ஆரம்பித்தாலும், பயணம் பெரும்பாலும் மகரகமவில் உள்ள அபேக்ஷா வைத்தியசாலைக்கே போகிறது. கொச்சிக்கடையிலிருந்து புறக்கோட்டைக்குப் போய் 138ஆம் இலக்க பஸ் பிடித்தால் ஹைலெவல் வீதி வழியாக மகரகம. வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வருவோருக்கு அது முழு இரவுப் பயணம். அரச வைத்தியசாலை என்பதால் படுக்கைக்கும் வைத்தியத்துக்கும் பணம் கேட்பதில்லை. ஆனால் தாய் வாட்டில் பிள்ளையோடு தங்கிவிட, தகப்பன் நாட்கூலியை இழந்து வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைய, மற்றப் பிள்ளைகள் அம்மம்மாவோடு நிற்க, செலவு வேறு வாசலால் வருகிறது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளும் இல்லாமல் மருந்துகளும் தட்டுப்பட்டபோது, அந்தச் செலவு என்னவென்று நாடே கண்டது.

முதல் நான்கைந்து வாரச் சிகிச்சை நோயை அடித்து வீழ்த்துவதற்கானது. இதில் கொடுக்கும் ஸ்டீரொய்டுக் குளிசை செய்யும் வேலையைப் பெற்றோர் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். லிம்போசைட் கலங்களைத் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளத் தூண்டும் மருந்து அது. கூடவே மூளையின் பசி மையத்தையும் உசுப்பிவிடும். நடுச்சாமம் இரண்டு மணிக்குப் பிள்ளை எழும்பிச் சோறும் மீன் குழம்பும் கேட்கும். இடியப்பம் சாப்பிட்டு முடித்த கையோடு பான் கேட்கும். கொடுக்காவிட்டால் அழும், கொடுத்தாலும் சில வேளை அழும். முகம் உருண்டு, கன்னம் உப்பி, வயிறு முன்தள்ளும். பார்க்க வருகிறவர்கள், "பிள்ளை நல்லாத் தேறிட்டுது" என்று மகிழ்ந்து சொல்வார்கள். தாய்க்கு அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாது. அந்த உப்பலும் கோபமும் மருந்தினால் வந்தவை, மருந்து நின்றதும் போய்விடும். பிள்ளை கெட்டுப்போய்விட்டது என்று கண்டிக்க வேண்டியதில்லை.

அதே வாரங்களில் வேறு மருந்துகளும் ஏறுகின்றன. ஒன்று சிவப்பு நிறத்தில் இருக்கும். ஏற்றியபின் சிறுநீரும் சிவப்பாகப் போகும், அது இரத்தமில்லை. இன்னொன்று அஸ்பராஜினேஸ். 1953இல் ஜோன் கிட் என்ற அமெரிக்க ஆய்வாளர் கினிப் பன்றியின் இரத்த நீர் எலிகளின் லிம்போமாவைக் கரைப்பதைக் கண்டதிலிருந்து தொடங்கும் கதை அதனுடையது. லியூகேமியாக் கலங்களுக்கு அஸ்பரஜின் என்ற அமினோ அமிலத்தைத் தாமாகப் போதிய அளவு செய்துகொள்ளத் தெரியாது. இரத்தத்தில் இருப்பதை இந்த நொதியம் அழித்துவிட, அவை பட்டினியில் சாகின்றன. மூன்றாவது வின்கிறிஸ்டின். நித்தியகல்யாணி என்றும் பட்டிப்பூ என்றும் நாம் சொல்லும், சவக்காலைகளிலும் வேலியோரங்களிலும் தானாகப் பூக்கும் அந்தச் செடியிலிருந்து வந்தது. 1950களில் கனடாவில் நீரிழிவுக்கு மருந்து தேடி அதன் இலையை ஆராய்ந்தவர்கள், சீனி குறையாமல் வெண்குருதிக் கலங்கள் குறைவதைக் கண்டார்கள். வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கலம் இரண்டாகப் பிரியும்போது நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுக்கும் நுண்குழாய்களை அது கட்டவிடாமல் தடுக்கிறது. ஆனால் நரம்புக் கலங்களும் தம் நீண்ட வாலுக்குள் சரக்கு அனுப்ப அதே நுண்குழாய்களைத்தான் நம்பியிருக்கின்றன. அதனால்தான் சில பிள்ளைகள் நடக்கும்போது பாதத்தின் முன்பகுதி தூக்க முடியாமல் தடக்கி விழுகிறார்கள், தாடை நோகிறது என்கிறார்கள், மலச்சிக்கலால் அவதிப்படுகிறார்கள். இதை மறைக்காமல் கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

இன்னொரு மருந்தான மெதொட்ரெக்சேட்டின் வரலாறு நம் வீட்டுச் சமையலறை அலுமாரி வழியாகவே போகிறது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளரான ஏழைப் பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் வரும் கொடிய இரத்தச்சோகை எதனால் என்று தேடினார். மலிவான மார்மைட் அதைக் குணமாக்குவதைக் கண்டு 1931இல் எழுதினார். சில ஆண்டுகளில், 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது இலங்கையில் சூரியமல் என்ற இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் ஊட்டமின்றி வாடிய கிராமத்து மக்களுக்கு அதே மார்மைட்டைக் கொடுத்தார்கள். இன்றும் சுடுநீரில் கரைத்துத் தேசிக்காய் பிழிந்து நாம் குடிக்கிறோம். அதற்குள் இருந்த பொருள் பின்னர் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. கலம் பிரிய வேண்டுமானால் புதிதாக டி.என்.ஏ. செய்ய வேண்டும், டி.என்.ஏ. செய்ய ஃபோலிக் அமிலம் வேண்டும்.

பொஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற நோயியல் நிபுணர், லியூகேமியாப் பிள்ளைகளுக்கும் இது உதவுமோ என்று எண்ணினார். ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது நோய் இன்னும் வேகமாகப் பெருகியது போலிருந்தது. அந்தக் கசப்பான அனுபவத்திலிருந்து எதிர்த்திசையில் யோசித்தார்: ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு வேலையைக் கெடுக்கும் பொருள் ஒன்று வேண்டும். அதைச் செய்து அனுப்பியது லெடர்லி ஆய்வுகூடத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு. சுப்பாராவ் 1895இல் அன்றைய சென்னை மாகாணத்துப் பீமாவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். சகோதரரை ஸ்ப்ரூ என்ற வயிற்று நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த நோய்க்கு ஃபோலிக் அமிலம் மருந்தாகும் என்பது பின்னாளில்தான் தெரியவந்தது. அவர் குழு அனுப்பிய அமினொப்டெரினை ஃபார்பர் கடும் நோயில் இருந்த 16 பிள்ளைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. 1948 ஜூனில் கட்டுரை வெளியானது. அதே ஆண்டு ஓகஸ்டில் சுப்பாராவ் தம் 53ஆவது வயதில் காலமானார். அமினொப்டெரினின் நெருங்கிய உறவான மெதொட்ரெக்சேட், இன்றும் மகரகமவிலும் உலகெங்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. இவ்வளவு பெரிய காரியம் செய்தவரின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

ஃபார்பரின் 10 பிள்ளைகளுக்கும் சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. பதினைந்து ஆண்டுகள் மருத்துவ உலகைத் தடுமாறவைத்தது இந்தத் திரும்பி வருதல்தான். இதைப் புரிந்துகொண்டால் பெற்றோர் இரண்டு ஆண்டு சுமக்கும் பாரத்தின் காரணமும் புரிந்துவிடும்.

நோய் கண்டுபிடிக்கப்படும் நாளில் பிள்ளையின் உடலில் ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி லியூகேமியாக் கலங்கள் இருக்கும். சேர்த்து நிறுத்தால் ஒரு கிலோ அளவு. முதல் மாதச் சிகிச்சைக்குப் பிறகு இடுப்பெலும்பிலிருந்து மச்சை எடுத்துப் பார்க்கிறார்கள். நுணுக்குக்காட்டியில் பிளாஸ்ட் ஐந்து சதவீதத்துக்குக் கீழே. எஃப்.பி.சி. எண்கள் ஏறிவிட்டன. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் கூடுதலான பிள்ளைகள் இந்த நிலைக்கு வந்துவிடுவார்கள். "நோய் அடங்கிவிட்டது" என்று டொக்டர் சொல்வார். ஆனால் நுணுக்குக்காட்டியின் கண்ணுக்குத் தப்பி ஆயிரம் கோடி கலங்கள் வரை இன்னும் இருக்க இடமுண்டு. அதைவிடக் கூர்மையான சோதனை பத்தாயிரம் கலங்களில் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்கும். அதிலும் ஒன்றுமில்லை என்று வந்தால்? அப்போதும் பத்துக் கோடி கலங்கள் மிஞ்சியிருக்கலாம். அந்தப் பத்துக் கோடி அந்தச் சோதனையின் கண்ணுக்கும் தப்பிவிடும். காலத்தாலும் மருந்தாலும் மட்டுமே அவற்றைத் தீர்க்க முடியும்.

அவற்றுள் சில மூளையையும் முள்ளந்தண்டையும் சூழ்ந்த நீருக்குள் போய் ஒளிந்துகொள்கின்றன. இரத்தத்தில் ஏற்றும் பெரும்பாலான மருந்துகள் அங்கே சரியாகப் போய்ச் சேர்வதில்லை. 1960களின் ஆரம்பத்தில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃப்ரை, எமில் ஃப்ரைரைக் ஆகிய இருவரும் நான்கு மருந்துகளை ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மச்சை சுத்தமான பிள்ளைகள் சில மாதங்களில் தலையிடியோடும் சத்தியோடும் திரும்பி வந்தார்கள். நோய் மூளையைச் சுற்றி வளர்ந்திருந்தது. 1962இல் திறக்கப்பட்ட மெம்பிஸ் செயின்ட் ஜூட் வைத்தியசாலையில் டொனால்ட் பிங்கல், அந்த ஒளிவிடத்துக்கும் சேர்த்து, அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் தொடரும் சிகிச்சையை வகுத்தார். பத்து ஆண்டுக்குள் பாதிப் பிள்ளைகள் பிழைக்கும் நிலை வந்தது. இன்று வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். பிள்ளை மீன்போல் வளைந்து படுக்க முதுகில் ஊசி போட்டு மெதொட்ரெக்சேட் ஏற்றுவதைப் பார்க்கச் சகிக்காமல் வெளியே போய் நிற்கும் தகப்பன்மாருக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும். அந்த ஊசி இல்லாத காலத்தில் பிள்ளைகள் பிழைக்கவில்லை.

சிகிச்சையின் மிக நீண்ட பகுதி வீட்டில் நடக்கிறது. மருந்து கொடுப்பவர் தாய். கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும்: 6-மெர்காப்டோப்யூரின் ஒவ்வோர் இரவும், மெதொட்ரெக்சேட் கிழமைக்கு ஒரு நாள். முதலாவது ஜெர்ட்ரூட் எலியனும் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸும் உருவாக்கியது. அதற்கும் அவர்களின் மற்ற மருந்துகளுக்குமாக 1988இல் நோபல் பரிசு வந்தது. குளிசை 50 மில்லிகிராம். ஆனால் பிள்ளைக்கு வேண்டிய அளவு அதன் உயரத்தையும் நிறையையும் கொண்டு கணக்கிடப்படுவதால் முழுக் குளிசையாக ஒத்துவருவதில்லை. திங்கள் ஒன்று, செவ்வாய் அரை, புதன் ஒன்று என்று கலண்டரில் குறித்துவைத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு மருந்துமே மஞ்சள் நிறக் குளிசைகள். நாளாந்தம் கொடுக்க வேண்டியதையும் கிழமைக்கு ஒருமுறை கொடுக்க வேண்டியதையும் மாற்றிவிட்டால் மெதொட்ரெக்சேட் மச்சையையே முடக்கிவிடும். எனவே இரண்டு போத்தலையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. கிழமைக்குரியதை எண்ணித் தனியாகப் பொதி பண்ணி அந்த நாளின் பெயரை எழுதி வைப்பது நல்ல பழக்கம். உடைத்த குளிசையின் தூள் விரலில் படக் கூடாது என்பதால் கையுறை போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் அதைத் தொடவே கூடாது.

இந்தக் கட்டத்தில்தான் பிள்ளை விளையாடத் தொடங்குகிறது. முடி முளைத்துவிட்டது. முகம் பழையபடி ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்குப் போய் நேர்த்தியும் வைத்தாயிற்று. கிளினிக் போகும் நாளில் தகப்பனுக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது. பிள்ளை குளிசைக்கு வாய் திறக்க மறுத்து அழுகிறது. சுகமாகிவிட்ட பிள்ளைக்கு ஏன் இன்னும் நஞ்சைக் கொடுக்கிறோம் என்ற கேள்வி எந்தப் பெற்றோருக்கும் வரும், வராவிட்டால்தான் வியப்பு. ஒளிந்திருக்கும் கலங்கள் எல்லாம் ஒரே நாளில் பிரிவதில்லை. சில மாதக்கணக்கில் உறங்குகின்றன. மெர்காப்டோப்யூரின் பிரியும் கலத்தின் டி.என்.ஏ.வுக்குள் புகுந்துதான் அதைக் கொல்லும். உறங்கும் கலம் எந்த இரவில் விழிக்கும் என்று தெரியாததால் ஒவ்வோர் இரவும் மருந்து அங்கே காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஸ்மிதா பாட்டியாவின் குழு, மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையையும் பதிவு செய்யும் போத்தல்களில் இந்தக் குளிசையைக் கொடுத்து ஆராய்ந்தது. எழுதிக் கொடுத்ததில் 95 சதவீதத்துக்குக் குறைவாக எடுத்த பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல். 95 சதவீதம் என்றால் மாதத்தில் ஒன்றிரண்டு இரவுதான் தவறலாம்.

கிளினிக்கில் பெற்றோரைக் குழப்பும் இன்னொன்றும் உண்டு. எஃப்.பி.சி. நன்றாக வந்திருக்கிறது, நியூட்ரோபில் 3,000. தாய் மகிழ்கிறாள், டொக்டரோ குளிசையைக் கூட்டுகிறார். இந்தக் காலத்தில் எண் அவ்வளவு உயர்ந்திருப்பது மருந்து போதவில்லை என்பதற்கு அடையாளம். ஏறத்தாழ 750க்கும் 1,500க்கும் இடையில் அதை வைத்திருக்கவே பார்க்கிறார்கள். மறுபுறம், NUDT15 போன்ற பரம்பரையலகு வேறுபாடுகள் ஆசிய மக்களிடையே கூடுதலாகக் காணப்படுகின்றன. அவை உள்ள பிள்ளைக்குச் சிறிய அளவே அதிகமாகிவிடும். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு ஒன்றரைக் குளிசை, நம் பிள்ளைக்குக் கால் குளிசை என்றால் அதில் பாரபட்சம் ஏதுமில்லை.

எண்களைத் தாழ்த்தி வைத்திருப்பதால் காய்ச்சல் பயங்கரமாகிறது. 38 பாகை செல்சியஸ் என்பது எல்லைக்கோடு. மருந்து ஏற்றி ஒன்று இரண்டு வாரத்தில் நியூட்ரோபில் அடிமட்டத்துக்குப் போகும். அது 500க்குக் கீழே இருக்கும்போது வரும் காய்ச்சலுக்குக் காரணம் பிள்ளையின் சொந்தக் குடலில் வாழும் கிருமியாகவே பெரும்பாலும் இருக்கும். சில மணி நேரத்தில் இரத்தம் முழுவதும் பரவிவிடும். முதல் மணித்தியாலத்தில் நாளத்தின் வழி அன்டிபயோடிக் போனால் பிழைக்கும் வாய்ப்பு உயரும். நம் வீடுகளில் பனடோல் கொடுத்து விடியும் வரை பார்ப்பது வழக்கம். இந்தப் பிள்ளைக்கு அது கூடாது. பனடோல் வெப்பத்தை மறைக்கும், கிருமியைத் தொடாது. வெப்பமானியில் 38 கண்டால் நடுச்சாமமானாலும் திரீவீல் பிடித்துப் போக வேண்டியதுதான்.

கொப்புளிப்பானும் இப்படித்தான். மற்றப் பிள்ளைக்கு அம்மாள் வருத்தம் வந்து வேப்பிலை கட்டிப் போய்விடும். இந்தப் பிள்ளைக்கு அது நுரையீரலுக்கும் ஈரலுக்கும் இறங்கும். பள்ளியிலோ ஒழுங்கையிலோ ஒருவருக்கு வந்ததாகத் தெரிந்தால், புள்ளி தோன்றும் வரை காத்திராமல் அன்றே கிளினிக்குக்குச் சொல்ல வேண்டும். தடுக்கும் மருந்து ஆரம்ப நாட்களில்தான் பலன் தரும். செவ்வாய்க்கிழமை நொவேனா நெரிசலும் எண் தாழ்ந்த வாரங்களில் பிள்ளைக்கு ஆகாது. பெற்றோர் போய் வேண்டிக்கொள்ளலாம், பிள்ளை வீட்டில் நிற்கட்டும். டெங்குவுக்குக் கொடுப்பதுபோல் பப்பாசி இலைச் சாறு பிழிந்து கொடுக்கும் யோசனையை யாராவது சொல்லத்தான் செய்வார்கள். ஈரல் ஏற்கெனவே மெதொட்ரெக்சேட்டோடு போராடுகிறது. எந்தச் சாற்றையும் டொக்டரிடம் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

இந்த இரண்டு ஆண்டும் முன்பின் தெரியாத பலருடைய கைகள் இந்தப் பிள்ளையைத் தாங்குகின்றன. ஏற்றும் பிளேட்லெட் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது, எனவே ஒவ்வொரு வாரமும் யாரோ கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இலங்கையின் இரத்த வங்கி 2014 முதல் முழுக்க முழுக்க ஊதியம் பெறாத தொண்டர்களின் இரத்தத்தில் இயங்குகிறது. போயா தினத்து முகாமில் படுத்துக் கிடக்கும் யாரோ ஒருவருடைய பிளேட்லெட்தான் பிள்ளையின் மூக்கிரத்தத்தை நிறுத்துகிறது. 2016இல், மகனின் நோயால் மகரகமவை உள்ளும் புறமும் அறிந்த ஒரு தகப்பனின் முயற்சியில், பெட் ஸ்கேன் இயந்திரத்துக்காகப் பொதுமக்கள் 20 கோடி ரூபாவுக்கு மேல் சேர்த்துக் கொடுத்தார்கள். அதற்கு ஐந்து ஆண்டு முன்பு, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காகத் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்தார்கள்.

பிள்ளைக்கு நோயின் பெயரைச் சொல்லக் கூடாது என்று நம் வீடுகளில் பெரியவர்கள் கட்டளையிடுவார்கள். அன்பினால்தான். ஆனால் மைரா புளூபொண்ட்-லாங்னர் என்ற மானிடவியலாளர் 1970களில் அமெரிக்க வாட்டொன்றில் லியூகேமியாப் பிள்ளைகளோடு மாதக்கணக்கில் இருந்து எழுதிய நூல் 1978இல் வந்தது. மூன்று வயது முதல் ஒன்பது வயது வரையான அந்தப் பிள்ளைகளிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. ஆனாலும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மருந்தின் பெயர்கள், பக்கத்துக் கட்டில் பிள்ளை ஏன் திரும்பி வரவில்லை என்பது, எல்லாமே. பெற்றோர் தாங்க மாட்டார்கள் என்று அந்தப் பிள்ளைகள்தான் தெரியாததுபோல் நடித்துக்கொண்டிருந்தார்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு, "உன் இரத்தத்தில் கெட்ட கலங்கள் வந்திருக்கு, மருந்து அதைக் கொல்லுது, நீ செய்த பிழையால் வரேல்லை" என்று சொன்னால் போதும். கடைசி வாக்கியம் மிக முக்கியம், ஏனென்றால் சுவரில் கீறியதற்கோ தங்கச்சிக்கு அடித்ததற்கோ தண்டனையாகத்தான் ஊசி போடுகிறார்கள் என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள்.

பெற்றோரின் மனதைப் பற்றியும் அறிவியல் ஒன்றைச் சொல்கிறது. பிலடெல்பியாவில் ஆன் கசாக்கின் குழு 1997இல் வெளியிட்ட ஆய்வில், லியூகேமியாவிலிருந்து பிழைத்த பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைப் போலவே இருந்தார்கள். அதிர்ச்சிக்குப் பிந்திய மன நெருக்கடியின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தது தாய்க்கும் தகப்பனுக்கும்தான். சிகிச்சை முடிந்து ஆண்டுகள் ஆன பிறகும் அப்படி. பிள்ளை லேசாகத் தும்மினால் நெஞ்சு பதறுவது, மகரகமப் பக்கம் பஸ் திரும்பினாலே வயிற்றைப் பிசைவது, நித்திரை வராதது, இவையெல்லாம் பலவீனத்தின் அடையாளங்கள் அல்ல. அவற்றுக்கும் மருத்துவம் உண்டு; கிளினிக்கில் பிள்ளையின் நிறையைச் சொல்லும்போதே தன் நித்திரையைப் பற்றியும் தாய் வாய் திறந்து சொல்லலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2018இல், புற்றுநோய் வந்த பிள்ளைகளில் குறைந்தது 60 சதவீதத்தினரை 2030க்குள் உலகெங்கும் பிழைக்கவைப்பது என்று இலக்கு வைத்தது. வசதியுள்ள நாடுகளில் அது ஏற்கெனவே 80 சதவீதத்தைத் தாண்டியிருக்க, வறிய நாடுகள் பலவற்றில் 30ஐக்கூட எட்டவில்லை. மருந்துகள் பெரும்பாலும் ஒன்றேதான். பிந்திக் கண்டுபிடிப்பதும், கிருமித் தொற்றும், இடைநடுவில் சிகிச்சையைக் கைவிடுவதும் இந்த இடைவெளியின் பெரும் பங்குக்குக் காரணம். கைவிடுவதைத் தடுக்கப் பஸ் காசும், பெற்றோர் தங்க ஓர் அறையும், தமிழில் எழுதிய ஒரு கிளினிக் கொப்பியும் வேண்டும். இவற்றையும் சிகிச்சையின் பகுதியாகவே எண்ண வேண்டும் என்பேன்.

கடைசிக் குளிசை முடியும் நாளில் பல தாய்மார் மகிழ்வதற்குப் பதில் பயப்படுகிறார்கள். இன்னும் ஆறு மாதம் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். நீட்டிக் கொடுப்பதால் கூடுதல் பலன் பெரிதாக இல்லை என்று ஆய்வுகள் காட்டியதால்தான் நிறுத்துகிறார்கள். நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் ஓரிரண்டு ஆண்டில் திரும்பும், அதனால் ஆரம்பத்தில் அடிக்கடியும் பின்னர் இடைவெளி விட்டும் கிளினிக் தொடரும். பழைய தடுப்பூசிகளின் காப்பு தேய்ந்துபோயிருப்பதால், ஏறத்தாழ ஆறு மாதம் கழித்துச் சிலவற்றை மறுபடி போட வேண்டும். சிவப்பு மருந்து பின்னாளில் இதயத் தசையைப் பாதிக்கக் கூடியது என்பதால் பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் எக்கோ எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். எந்த மருந்து எவ்வளவு ஏறியது என்ற கணக்கு அந்தக் கிளினிக் கொப்பியில்தான் இருக்கிறது. அதைப் பத்திரமாக வைத்திருந்து, பதினெட்டு வயதில் பிள்ளையின் கையிலேயே கொடுக்க வேண்டும்.